பாரிசின் சிறு பிஸ்ட்ரோவில் கரும்பலகையை வாசிப்பது எப்படி?

வரும் ஒக்டோபரில் மனைவியுடன் ஒரு கிழமை பாரிசில் தங்கவிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெரிய உணவகங்களில் எமக்கு நாட்டமில்லை. அன்றன்று மாறும் உணவைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் சிறிய பிஸ்ட்ரோ ஒன்றில் சாப்பிட விரும்புகிறோம். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. மனைவி மரக்கறி உணவுக்காரர், ஆனால் முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வார். 'இன்றைய உணவு' என்பது முதல்நாள் மிஞ்சியதைத் தள்ளிவிடும் வழி என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா? எப்படித் தெரிவு செய்வது, எப்படிக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை காலை வந்திறங்கினால் அன்றே போகலாமா?"

பதினோராம் வட்டாரத்தில் முப்பது இருக்கைகள் கொண்ட ஒரு பிஸ்ட்ரோவில் கோப்பை கழுவும் வேலையில் சேர்ந்து, பிறகு மரக்கறி வெட்டும் மேசைக்கும் அதன்பின் அடுப்படிக்கும் நகர்ந்து, மொத்தம் பதினோர் ஆண்டுகள் அங்கே வேலை செய்தவன் நான். பாரிசின் உணவகச் சமையலறைகளில் ஈழத்தமிழர் பலர் இவ்வாறுதான் தொழில் பழகினார்கள். உள்ளேயிருந்து அந்த இடத்தை அறிந்தவன் என்பதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிஸ்ட்ரோவின் கரும்பலகை அலங்காரமாக மாட்டப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம் இடத்தின் சிறுமை. சமையலறையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் நிற்கலாம். குளிர்பெட்டிகள் இரண்டோ மூன்றோ இருக்கும். ஓர் அடுப்பு, ஒரு சூட்டடுப்பு. இத்தகைய இடத்தில் நாற்பது வகை உணவுக்கான பொருள்களை வாங்கி அடுக்கி வைக்க இயலாது. வைத்தால் பாதி கெட்டுப்போகும், அல்லது உறையவைத்த பொட்டலங்களை நம்ப வேண்டியிருக்கும். ஆகவே நான்கு முன்னுணவு, நான்கு முதன்மை உணவு, மூன்று இனிப்பு என்று சுருக்கிக்கொண்டு, அவற்றையும் அன்று காலை வந்த பெட்டிகளைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அச்சிட்ட அட்டை இதற்குத் தாக்குப்பிடிக்காது. சோக்கும் ஈரத்துணியும் தாக்குப்பிடிக்கும்.

எங்கள் பாத்ரோன், அதாவது கடைக்கு உரிமையாளரும் தலைமைச் சமையற்காரருமாக இருந்தவர், இரவு பதினொரு மணிக்கு அடுப்பைத் துடைத்த பின் குளிர்பெட்டிகளைத் திறந்து கையிருப்பை எண்ணுவார். பிறகு மீன்காரருக்கும் மரக்கறி வியாபாரிக்கும் தொலைபேசியில் செய்தி விடுவார். பாரிசுக்கு உணவூட்டும் மொத்தச் சந்தை நகரின் தெற்கே ரன்ஜிஸ் என்ற இடத்தில் இருக்கிறது. நகரின் நடுவே பல நூற்றாண்டுகளாக இயங்கிய லே ஆல் சந்தை 1969 இல் அங்கே இடம்பெயர்ந்தது. 234 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சந்தை, ஊர் உறங்கும்போது விழித்திருக்கும். மீன் மண்டபத்தில் இரவு இரண்டு மணிக்கே வியாபாரம் சூடாகிவிடும். அங்கிருந்து காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலுக்குப் பெட்டிகள் வந்து சேரும். பாத்ரோன் ஒவ்வொன்றையும் திறந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கீரையை முகர்ந்து, இன்ன மீன் கேட்டேன், இன்னது வந்திருக்கிறது, இதை இன்று இப்படிச் செய்யலாம் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பேச்சின் முடிவுதான் பதினொரு மணிக்குப் பலகையில் ஏறும் எழுத்து. அதன்பின் வேலையாட்கள் எல்லோரும் ஒரே மேசையில் அவசரமாகச் சாப்பிடுவோம். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கும்.

பிரெத்தாஞ் கடற்கரையில் புயல் வீசிய ஒரு நவம்பர் கிழமை நினைவிருக்கிறது. வியாழன் காலை மீன்பெட்டி வரவில்லை. படகுகள் துறையைவிட்டு வெளியேறவே இல்லை என்று மீன்காரர் தொலைபேசியில் சொன்னார். பாத்ரோன் முதல்நாள் எழுதியிருந்த 'மீன்' என்ற வரியை அழித்துவிட்டு, வேகவைத்த லீக்ஸ் தண்டுக்கு மேல் அவித்த முட்டையைத் துருவிப் போடும் தட்டொன்றையும், கோழியைக் கடுகுச் சாற்றில் வாட்டிய தட்டொன்றையும் எழுதினார். உறைமீன் வாங்கி நிரப்பியிருக்கலாம், வாங்கவில்லை. வழமையாக வரும் வாடிக்கையாளர்கள் பலகையைப் பார்த்தவுடன் 'கடல் மோசமா?' என்று கேட்டார்கள். பலகையை அவர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள்: அன்று காலை சந்தையிலும் கடலிலும் தோட்டத்திலும் என்ன நடந்தது என்ற செய்தியாக. நீங்களும் அப்படி வாசிக்கப் பழகினால், எதைக் கேட்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இனி 'மிஞ்சியது' பற்றிய ஐயம். பிரெஞ்சில் 'ப்ளா து ஜூர்', அன்றைய தட்டு, என்று அழைக்கப்படும் அந்த ஒற்றை உணவு பெரும்பாலும் மதிய வேளைக்குரியது. அருகிலுள்ள அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள் ஒரு மணி நேர இடைவேளையில் வந்து, வேகமாகவும் மலிவாகவும் நல்ல சூட்டோடும் உண்டு போக வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. எனவே காலையிலேயே பெரிய சட்டியில் ஏற்றி மெல்லிய தீயில் வேகவிடக்கூடிய உணவாக அது அமையும். வெண்சாற்றில் வெந்த கன்றிறைச்சியான ப்ளாங்கேத், மரக்கறிகளோடு அவித்த மாட்டிறைச்சியான பொத்தோஃபே, ஆட்டுத் தோள்ப்பகுதி, கோழித்தொடை போன்றவை. இவை விலை குறைந்த, நார் மிகுந்த துண்டுகள். நேரம் கொடுத்தால் மட்டுமே மென்மையாகும். மலிவு அங்கிருந்து வருகிறது. சமையற்காரரின் மூன்று மணி நேரப் பொறுமை இறைச்சிக்கடையின் விலைச்சீட்டைப் பாதியாக்கிவிடுகிறது.

மிச்சம் பிடிப்பது உண்டு, மறுக்கவில்லை. மீன் முள்ளில் சூப்பு வைப்பதும், பூசணித் தோலுக்கு அடியிலுள்ள சதையை வழித்துக் கூழாக்குவதும், முதல்நாள் பாணை வறுத்துச் சலாதுக்குப் போடுவதும் எங்கள் அன்றாட வேலை. நல்ல வீட்டுச் சமையலும் அதுதானே. ஆனால் முதல்நாள் பரிமாறாமல் கிடந்த தட்டைச் சூடாக்கி 'இன்றைய உணவு' என்று எழுதுகிற கடைகளும் இருக்கின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மீன் உருண்டையும், எல்லாவற்றையும் மூடி மறைக்கும் கனத்த வெண்சாறும், ஏராளமான உணவுகளோடு 'இன்றைய விசேடம்' என்ற நீண்ட பலகையும் கண்டால் விலகிப் போங்கள். அன்றைய தட்டு என்பது ஒன்று. அதிகம் போனால் இரண்டு.

இந்த வகை இடங்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அங்கே நடந்துகொள்வது எளிதாகும். பிஸ்ட்ரோ என்ற சொல் 1814 இல் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யப் படைவீரர்கள் 'பிஸ்த்ரா', விரைவாக, என்று கூவியதிலிருந்து வந்ததாக ஒரு கதை உண்டு. மோன்மார்த்ர் குன்றின் மேலுள்ள ஓர் உணவகச் சுவரில் அதைக் கல்வெட்டாகவே பதித்திருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியாளர்கள் இதை ஏற்பதில்லை, ஏனெனில் அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகத் தென்படுவது 1884 இல். எழுபது ஆண்டுகள் ஒரு சொல் வாயளவில் மட்டும் ஒளிந்திருந்தது என்பதை நம்புவது கடினம். உறுதியாகத் தெரிவது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுப் பிரான்சின் வறிய மலைநாடான ஓவேர்ஞிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள் தண்ணீர் சுமந்தார்கள், விறகும் கரியும் விற்றார்கள். கரி வாங்க வந்தவருக்கு ஒரு கிண்ணம் வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். பின்னர் மனைவியர் தமக்குச் சமைத்த சட்டியிலிருந்தே ஒரு தட்டு விற்கத் தொடங்கினார்கள். 'பூஞா' என்று நகரத்தார் அவர்களை அழைத்தார்கள். வீட்டுக்காரி அன்று சமைத்தது எதுவோ அதுவே விற்பனைக்கு என்ற வழக்கம் இந்தக் கரிக்கடைகளில் வேர்கொண்டது. ஊரைவிட்டு வந்தவர்களின் உழைப்பில் பிறந்த இடத்தில், இன்னொரு நூற்றாண்டில் ஊரைவிட்டு வந்த நாங்கள் பாத்திரம் கழுவி நின்றோம் என்பதை நான் பெருமையோடே நினைப்பதுண்டு.

நீங்கள் இன்று காணும் பிஸ்ட்ரோக்களில் பல 1992 க்குப் பின் ஏற்பட்ட ஒரு மாற்றத்தின் பிள்ளைகள். க்ரியோன் என்ற அரண்மனை போன்ற ஹோட்டலில் க்ரிஸ்தியான் கொன்ஸ்தானின் கீழ் பயின்ற இவ் காம்தபோர்த், அந்த ஆண்டில் பதினான்காம் வட்டாரத்தின் ஒதுக்குப்புறத்தில் 'லா ரெகாலாத்' என்ற சிறிய கடையைத் திறந்தார். வெள்ளை மேசைவிரிப்பும் வெள்ளிப் பாத்திரமும் இன்றி, உயர்ந்த சமையலறையின் நுணுக்கத்தை மலிவான இறைச்சித் துண்டுகளிலும் அந்தந்தப் பருவத்து மரக்கறிகளிலும் காட்டி, ஒரே நிலையான விலைக்குக் கொடுத்தார். பொருளாதாரம் இறுகியிருந்த காலம் அது, கூட்டம் அலைமோதியது. அவரோடு பழகிய சமையற்காரர்கள் பலர் அதே வழியில் கடை போட்டார்கள். 2004 இல் செபஸ்தியான் தெமோரான் என்ற பத்திரிகையாளர் இந்தப் போக்குக்கு 'பிஸ்த்ரோனொமி' என்று பெயரிட்டார். எங்கள் பாத்ரோனும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே.

ஒக்டோபரில் வருகிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் பலகை ஆண்டிலேயே அதிகம் நிறைந்திருக்கும் மாதம் அது. கோடைப் பழமரக்கறிகளின் கடைசிப் பெட்டிகளும் குளிர்காலக் கிழங்குகளின் முதல் பெட்டிகளும் ஒரே வண்டியில் வரும். அத்திப்பழம் இன்னும் இருக்கும். தக்காளி விடைபெற்றிருக்கும், அல்லது விடைபெற்றிருக்க வேண்டும். 'செப்' என்ற தடித்த காட்டுக் காளானை எங்கே கண்டாலும் கேளுங்கள். அதைப் பயிரிட முடியாது. தென்மேற்கின் ஓக், செஸ்ட்நட் காடுகளில் வெப்பமும் நல்ல மழையும் அடுத்தடுத்து வந்தால், ஒன்றரைக் கிழமைக்குள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும். மழை பிந்தினால் சந்தையில் விலை இரட்டிக்கும். எங்கள் பலகையிலிருந்து மறையும். எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பூண்டும் பார்ஸ்லியும் தூவிக் கொடுப்பதற்கு மேல் அதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

'கொக்கிய் சேன் ஜாக்' என்ற பெரிய சிப்பிக்குப் பிரான்சில் ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து மே 15 வரையே பிடிகாலம். நோர்மாந்தி கரையோரம் 11 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சிப்பியைக் கரைக்குக் கொண்டுவரக்கூடாது. இனப்பெருக்கம் செய்து முடிக்கும் வரை விட்டுவைக்க வேண்டும் என்பதே நோக்கம். பருவத்தின் முதற்பெட்டி வந்த நாளில் எங்கள் பாத்ரோன் ஓர் ஓட்டைத் திறந்து, உள்ளிருந்த வெண்சதையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்பு இரண்டு கல் வைத்து, கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டு நீட்டினார். வெந்திராத கடலுணவை அதற்கு முன் நான் தொட்டதில்லை. ஊரில் பாசையூர்க் கரையில் வாங்கிய இறாலின் இனிப்பு நாவுக்கு நினைவு வந்தது. உணவைப் பரிமாறுகிறவர் மட்டுமல்ல, கோப்பையைக் கழுவுகிறவரும் அது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆண்டுதோறும் அப்படியே செய்தார்.

வேட்டைக் காலமும் அப்போது திறந்திருக்கும். 'ஜிபியே' என்று பலகையில் கண்டால் காட்டுப்பன்றி, மான், கவுதாரி, காட்டுவாத்து ஆகியவற்றில் ஒன்று. சில வேளைகளில் இறைச்சிக்குள் சிறு ஈயக்குண்டு அகப்படும், கவனமாகக் கடிக்க வேண்டும். இனிப்பில் சீமைமாதுளையும் பேரியும் செஸ்ட்நட்டும் வரும். ஸ்விட்சர்லாந்து எல்லையோர மலைகளில் செய்யப்படும் 'மோன் தோர்' என்ற மென்மையான சீஸ் செப்டெம்பர் 10 முதல் மே 10 வரைதான் விற்கப்படுகிறது. ஸ்ப்ரூஸ் மரப்பட்டையால் சுற்றி, மரப்பெட்டியிலேயே அடைத்திருக்கும். அந்தப் பெட்டியோடு சூட்டடுப்பில் வைத்து உருக்கி, அவித்த உருளைக்கிழங்கோடு இருவருக்கு ஒரு பெட்டி என்று கொடுப்பார்கள்.

பலகையின் மொழியில் சில சொற்கள் ஏமாற்றும். 'ஆந்த்ரே' என்பது முன்னுணவு. வட அமெரிக்காவில் அதே சொல் முதன்மை உணவைக் குறிப்பதனால் அங்கிருந்து வருபவர்கள் தடுமாறுகிறார்கள். 'மெனு' என்றால் நிலையான விலையில் கொடுக்கும் முழுச்சாப்பாடு. உணவுப் பட்டியலுக்குப் பெயர் 'கார்த்'. 'ஃபோர்முல்' என்பது முன்னுணவும் முதன்மை உணவும், அல்லது முதன்மை உணவும் இனிப்பும் என்ற இரட்டை. மதியத்தில் அது பெரும்பாலும் 20 முதல் 30 யூரோ வரை இருக்கும், இரவில் அதே சமையற்காரரின் அதே கைக்கு நீங்கள் கணிசமாகக் கூடுதலாகக் கொடுப்பீர்கள். ஆகவே பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்கள் மதியத்தில் போவதே புத்தி. 'செலோன் அரிவாஜ்' என்றால் வரத்தைப் பொறுத்தது என்று பொருள். என்ன வந்தது என்று கேட்டாக வேண்டும், கேட்பதை அவர்கள் விரும்புகிறார்கள். விலைக்குப் பதில் 'S.G.' என்ற இரண்டெழுத்து இருந்தால் மீனின் பருமனைப் பொறுத்து விலை. அதைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். இதைச் சிறிய விடயமென்று எண்ண வேண்டாம். வணக்கம் சொல்லாமல் நேரே இருக்கை கேட்பவரைப் பண்பறியாதவராகவே கருதுவார்கள், அந்த வேளை முழுவதும் அது பரிமாறுபவரின் முகத்தில் தெரியும். தண்ணீருக்குக் 'கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் சாடியில் வரும், இலவசம். சாப்பாட்டு விலைக்குள் தண்ணீரும் பாணும் அடக்கம் என்பது 1967 இலிருந்தே உள்ள விதி. சேவைக்கட்டணமும் வரியும் விலைக்குள்ளேயே இருக்கின்றன. மனம் நிறைந்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் விட்டு வரலாம், கட்டாயமில்லை. கணக்குச்சீட்டை நீங்கள் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். அது அலட்சியம் அன்று. கேளாமல் நீட்டுவது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் என்பது அவர்களுடைய எண்ணம்.

கூடையில் வரும் பாணைத் தட்டில் வைக்காமல் மேசைமேலேயே வைப்பது இங்குள்ள வழக்கம். அது 'த்ராதிசியோன்' வகையா என்று கேளுங்கள்; 1993 ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தப் பெயருள்ள பாணில் மா, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் நொதி என்பவற்றைத் தவிரச் சேர்மானங்கள் ஏறக்குறைய எதுவும் கூடாது, மாவை உறையவைக்கவும் கூடாது. 2023 இல் பாரிஸ் நகரசபையின் சிறந்த பாகெத் பாண் போட்டியில் முதலிடம் பெற்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. வென்றவர் ஓராண்டு காலம் பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் வழங்குவது வழக்கம். இருபதாம் வட்டாரத்தில் உள்ள அவருடைய வெதுப்பகத்தின் முன் எம்மவர்கள் வரிசையில் நின்று படமெடுத்த நாட்களை நான் மறக்கமாட்டேன்.

இனி உங்கள் இருவரின் உணவுக் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன்; இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். மாட்டிறைச்சி 'பெஃப்', கன்றிறைச்சி 'வோ'. 'பாவெத்', 'ஓங்லே', 'ஆந்த்ரகோத்' என்று விலங்கின் பெயரே இல்லாமல் எழுதப்படுபவையும் மாட்டின் துண்டுகளே. 'தார்தார்' பெரும்பாலும் பச்சை மாட்டிறைச்சி. மீனிலும் செய்வதுண்டு என்பதால் கேட்டு அறியுங்கள். கண்ணுக்குத் தெரியாதது சாறு. பிரெஞ்சுச் சமையலறையின் கபிலநிறச் சாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் கன்றின் எலும்பை மணிக்கணக்கில் வேகவைத்து இறக்கும் 'ஃபோன் த வோ'. வாத்துத் தொடையைக் கேட்டாலும் அதன்மேல் ஊற்றுவது அதுவாக இருக்கலாம். எனவே 'மாடு வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல், 'சாற்றிலும் மாடோ கன்றோ கூடாது' என்று சொல்லுங்கள். உங்களுக்கு மீனே பாதுகாப்பான தெரிவு. அதற்கு வெண்ணெய்ச் சாறோ மீன்முள் சாறோதான் வழக்கம், வைன் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மனைவிக்குச் சிரமம் கூடுதல், ஆனால் ஒக்டோபர் அவருக்குத் துணைநிற்கும். மரக்கறி என்று தோற்றமளிக்கும் தட்டுகளே ஏமாற்றும். பூசணிக் கூழ் கோழிச்சாற்றில் வெந்திருக்கும். பச்சைச் சலாதில் 'லார்தோன்' என்ற பன்றித் துணுக்குகள் விழுந்திருக்கும். பருப்பில் கொழுப்புத் துண்டொன்று கிடக்கும். காளானையும் சில தென்மேற்குக் கைகள் வாத்துக் கொழுப்பில் வதக்கும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கோழிச்சாறு அந்தப் பதினான்கில் இல்லை. எழுத்தை நம்பாமல் வாயால் கேட்பதே வழி. வேகவைத்த லீக்ஸ் தண்டும் வினிகர்ச் சாறும், மயோனேசோடு அவித்த முட்டை, துருவிய செலரிக்கிழங்கைக் கடுகு மயோனேசில் பிரட்டிய ரெமுலாட், வெண்ணெயிலோ எண்ணெயிலோ வதக்கிய செப் காளான் ஆகியவை அவருக்கு ஏற்றவை. இனிப்பில் 'க்ரேம் காரமெல்', சாக்லேட் மூஸ், அரிசியும் பாலும் சேர்த்துச் சுண்டவைத்த 'ரி ஓ லே' என்பவற்றை அவர் தயங்காமல் கேட்கலாம்; கடைசியாகச் சொன்னதை ஒரு கரண்டி வாயில் வைத்ததும் எங்கள் பாற்சோறும் பாயசமும் இதன் உறவினர் என்று சொல்வார். குளிரில் உறையும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். பாரம்பரிய சீஸ்களில் பெரும்பாலானவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் பாலைத் திரித்துச் செய்யப்படுபவை, மோன் தோர் உட்பட. அது அவருக்கு ஏற்புடையதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் மிகச் சிறந்த வழி, முதல்நாள் பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் தொலைபேசியில் அழைத்து, இருக்கையை ஒதுக்கச் சொல்லும்போதே, 'ஒருவர் இறைச்சியும் மீனும் உண்ணமாட்டார், அவற்றின் சாறும் கூடாது. முட்டையும் பாலும் உண்பார்' என்று தெளிவாகச் சொல்வது. அடுப்படியில் நின்றவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி வேளையில் இதைச் சொன்னால், தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டு மீதத்தை நீட்டுவதைத் தவிர எங்களால் வேறெதுவும் செய்ய முடியாது. முதல்நாள் தெரிந்தால், இரவில் சந்தைக்குச் செய்தி விடும்போதே அந்த ஒருவருக்காக நாலு நல்ல காளானோ அரைக் கிலோ செலரிக்கிழங்கோ சேர்த்துச் சொல்லிவிடுவோம். பெரிய உணவகத்தால் முடியாத இந்த நெகிழ்வு சிறிய சமையலறைக்கு உண்டு. அடுத்த நாளின் பலகை இன்னும் எழுதப்படவில்லை அல்லவா.

எந்தக் கடைக்குப் போவது என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்ல விரும்பவில்லை. சமையற்காரர்கள் மாறுவார்கள், கடைகள் கைமாறும். அடையாளங்களைச் சொல்கிறேன். பலகையில் உணவுகள் குறைவாக இருக்க வேண்டும். கையெழுத்தில் அழித்த தடம் தெரிய வேண்டும். சோக்கில் எழுதியதுபோல் அச்சடித்த பலகை, உணவின் படங்கள், ஐந்து மொழிப் பட்டியல், வாசலில் நின்று கூப்பிடும் ஆள், ஒக்டோபரில் ஸ்ட்ராபெரி ஆகியவை இருந்தால் கடந்து போங்கள். கூரையே மூடியாக அமைந்த சட்டியின் படம் ஒன்று சில பட்டியல்களில் காணப்படும். 2014 இல் அரசு கொண்டுவந்த 'ஃபே மேசோன்', அதாவது இங்கேயே சமைத்தது, என்ற அடையாளம் அது. நல்லதுதான், ஆனால் உறையவைத்த பச்சைப் பொருளைக் கொண்டு சமைத்தாலும் அந்த அடையாளத்தை இடலாம் என்பதால், புதியது என்பதற்கோ பருவத்துக்குரியது என்பதற்கோ அது சான்றாகாது. மதியம் பன்னிரண்டரைக்கு எட்டிப் பாருங்கள். தனியாக வந்து நாளிதழ் விரித்து உண்பவர் ஒருவர், பரிமாறுபவரிடம் பெயர் சொல்லிப் பேசுபவர் ஒருவர், வேலைச் சீருடையோடு இருவர் தெரிந்தால் உள்ளே போகலாம். ஒன்றரைக்குப் பின் போனால் பலகையில் பாதி அழிந்திருக்கும். இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும்.

ஞாயிறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறிய பிஸ்ட்ரோக்களில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். திங்களும் பலவற்றுக்கு விடுமுறை. இரண்டு பேர் நடத்தும் கடைக்கு ஓய்வு வேறெப்படிக் கிடைக்கும்? செவ்வாய் அல்லது புதன் மதியத்துக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பையை அறையில் வைத்துவிட்டு, பஸ்தீய் சதுக்கத்திலிருந்து ரிஷார் லெனுவார் நெடுஞ்சாலை நெடுகிலும் கூடும் திறந்தவெளிச் சந்தைக்கு நடந்து போங்கள். வியாழனும் ஞாயிறும் அங்கே கூடும். காளான் கடையில் 'செப்' என்ற அட்டையையும், மீன்கடையில் ஓட்டோடு குவித்த சேன் ஜாக்கையும், மரக்கறிக்கடையில் 'பொத்திரோன்', 'புவாரோ', 'குவேங்' என்று எழுதிய பூசணி, லீக்ஸ், சீமைமாதுளையையும் பார்த்து, பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இரண்டு நாள் கழித்துப் பரிமாறுபவர் அந்தப் பலகையைத் தூக்கிவந்து உங்கள் மேசையருகே கதிரைமேல் சாய்த்து வைக்கும்போது, அதில் பாதிப் பெயர்களை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள்.